ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டரில் தொலைக்காட்சிப் பாடப் பதிவு

ஒளிபரப்பாகும் பாடம் மாணவனுக்காகக் காத்திருப்பதில்லை. வகுப்பறையில் ஒரு முறை விளங்காததை ஆசிரியரிடம் மறுமுறை கேட்கலாம். தொலைக்காட்சியில் வந்து மறைந்த பாடத்தை அவ்வாறு கேட்க இயலாது. நம் நாட்டில் இக்குறை புதியதன்று. 1975-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் 1976-ம் ஆண்டு ஜூலை வரை, அமெரிக்க நாட்டின் ஏ.டி.எஸ்.-6 துணைக்கோளின் உதவியால் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடத்தப்பட்டது. அன்று கிராமப் பொதுப் பெட்டி பழுதுற்றிருந்தால் அன்றைய பாடம் அவ்வூருக்கு இல்லை.

இதற்குக் கண்ட முதல் பரிகாரம், மீண்டும் மீண்டும் ஒளிபரப்புவதே. 2017-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஸ்வயம் பிரபா அலைவரிசைகளில் நாள்தோறும் குறைந்தது 4 மணி நேரப் புதிய பாடம் இடம்பெறுவதென்றும், அதுவே அந்நாளில் மேலும் 5 முறை திரும்ப ஒளிபரப்பப்படுவதென்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. 2020-ம் ஆண்டில், ஒரு வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்ற முறையில் பி.எம். ஈ-வித்யா அலைவரிசைகள் பன்னிரண்டு ஏற்படுத்தப்பட்டன. அதே ஆண்டு ஜூன் மாதம் 1-ந் தேதி, பள்ளிகள் மூடப்பட்டிருந்த நிலையில், கேரளத்தின் கைட் விக்டர்ஸ் அலைவரிசை ‘பர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் வகுப்புகளை ஒளிபரப்பத் தொடங்கியது. ஒவ்வொரு வகுப்புக்கும் குறித்த நேரம் உண்டு. ஒரே பெட்டியுள்ள வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்தாலும், பாட வேளையில் மின்சாரம் நின்றாலும், தாயுடன் வேலைக்குச் சென்ற பிள்ளை மாலையில்தான் திரும்பினாலும், அந்த நேரம் மாறுவதில்லை. நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டது இதன் பொருட்டே.

இரண்டாவது பரிகாரம், வந்த பாடத்தை வந்தபடியே பதிந்து வைத்துக்கொள்வது. அதைச் சிறு செலவில், ஒரு வீட்டிலோ பள்ளியிலோ படிப்பகத்திலோ செய்துகொள்ளும் முறையைப் பற்றியதே இக்கட்டுரை. உதாரணத்திற்குக் கொச்சி மாநகரின் மேற்குப் பகுதியாகிய பள்ளுருத்தியை எடுத்துக்கொள்வோம். 1967-ம் ஆண்டில் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட இப்பகுதியின் ஒரு புறம் கடல், மறு புறம் காயல், எங்கும் தென்னை, ஆண்டில் பாதி நாள் மழை. இங்கே ஒழுங்காக நடக்கும் சாதனம் பிற இடங்களில் எளிதில் நடக்கும் எனலாம்.

பலகையும் அதன் பணியும்

ஒரு முழுக் கம்ப்யூட்டரின் உறுப்புகள் யாவும் உள்ளங்கை அளவான ஒரே பலகையில் அமைந்திருப்பதால் இதனை ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர் என்பர். இங்கிலாந்தில் உருவாகி 2012-ம் ஆண்டு முதல் விற்பனையாகும் ராஸ்பெரி பை இவ்வினத்தில் பெயர் பெற்றது. அதன் நீளம் 85 மில்லிமீட்டர், அகலம் 56 மில்லிமீட்டர். கேரள மாணவர்களுக்கு இது புதிய பொருளன்று. 2014-ம் ஆண்டிலேயே எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இப்பலகையை வழங்கும் திட்டமொன்றை மாநில அரசாங்கம் தொடங்கியது.

ஒளிபரப்பைப் பதிந்து வைத்து, கேட்பவர்க்குக் கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டரைச் ‘சர்வர்’ என்பர். இச்சொல்லுக்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து. நம் ஓட்டல்களில் பரிமாறுபவரைச் சர்வர் என்றே நெடுங்காலமாக அழைத்து வருகிறோம். இதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. அடுப்படியில் சமைப்பது வேறு ஆள் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஏனெனில், இத்தனை சிறிய பலகை இவ்வளவு பெரிய பணியை எவ்வாறு ஆற்றுகிறது என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

தொலைக்காட்சிப் படம் துணைக்கோளிலிருந்து வரும்போதே எம்பெக்-2 அல்லது எம்பெக்-4 என்ற முறையில் சுருக்கப்பட்டு வருகிறது. படத்தைச் சுருக்குவதே கடினமான வேலை. அது ஒளிபரப்பு நிலையத்திலேயே முடிந்துவிட்டது. சுருக்கத்தை விரித்துப் படமாகக் காட்டும் வேலை, பார்ப்பவரின் தொலைக்காட்சிப் பெட்டியையோ கைப்பேசியையோ சேர்ந்தது. இடையிலுள்ள பலகை செய்ய வேண்டுவதெல்லாம், வரும் எண்களை வந்த வரிசையிலேயே ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைப்பதுதான். வினாடிக்கு 3 மெகாபிட் வீதம் வரும் ஓர் அலைவரிசையை ஒரு மணி நேரம் எழுதினால் 1.35 ஜிகாபைட் ஆகும். நாள் ஒன்றுக்கு 4 மணி நேரப் பாடமென்றால் 5.4 ஜிகாபைட். 1,000 ஜிகாபைட் கொள்ளும் டிஸ்க்கில் ஏறக்குறைய 185 நாட்களின் பாடங்கள் அடங்கும். இதற்கு வேகமான கம்ப்யூட்டர் தேவையே இல்லை.

சிலர் இடத்தைச் சிக்கனப்படுத்தக் கருதி, பதியும்போதே வேறு முறைக்கு மாற்றிச் சுருக்குமாறு அமைத்துவிடுகின்றனர். பலகை சூடேறி, வேகம் குன்றி, பாடத்தின் நடுவே துண்டுகள் விட்டுப்போவது பெரும்பாலும் இதனால்தான். ராஸ்பெரி பை 3 வரையான பலகைகளில் எம்பெக்-2 படத்தை விரிக்கும் தனிச் சில்லு இருந்தும், அதை இயக்கத் தனி உரிமக் குறியீடு வாங்க வேண்டியிருந்தது. ராஸ்பெரி பை 4 முதல் அவ்வசதியே நீக்கப்பட்டது. பதிவதற்கு மட்டும் பயன்படுத்துவோர்க்கு இவை எதுவும் பொருட்டல்ல. மாற்றாமல் எழுதுக என்பதே விதி.

பலகையைத் தேர்வதில் ஒன்றைக் கவனித்தால் போதும். ராஸ்பெரி பை 3 வரை, யூ.எஸ்.பி. துளைகளும் வலைக் கம்பித் துளையும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொண்டன. பதிவும் பரிமாறலும் ஒரே வேளையில் நடக்கும்போது நெரிசல் ஏற்படும். 2019-ம் ஆண்டில் வந்த ராஸ்பெரி பை 4-ல் இவை பிரிக்கப்பட்டுவிட்டன.

அலையைப் பெறும் வழி

பள்ளுருத்தியில் தொலைக்காட்சியைப் பெற மூன்று வழிகளை எண்ணிப் பார்க்கலாம். தரைவழி ஒளிபரப்பு இன்று உதவாது. தூர்தர்ஷனின் பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பு 2021-22-ல் நாடெங்கும் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டது; 2016-ம் ஆண்டில் புதிய எண்முறைத் தரைவழி ஒளிபரப்பு தொடங்கிய 16 நகரங்களுள் கொச்சி இல்லை. ராஸ்பெரி பை நிறுவனத்தார் விற்கும் ‘டி.வி. ஹேட்’ என்ற இணைப்பு தரைவழி அலைகளுக்கே உரியது. விளம்பரத்தைக் கண்டு அதை வாங்கினால் பணம் வீணாகும்.

கேபிள் வழி வரும் அலைவரிசைகள் பெரும்பாலும் பூட்டப்பட்டவை. அவற்றைத் திறக்கும் சாவி கேபிள்காரர் தரும் செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கிறது. பூட்டை உடைக்கும் உபாயங்களில் இறங்குவது சட்டத்திற்குப் பொருந்தாது, அவசியமும் இல்லை. எஞ்சியது துணைக்கோள். 2015-ம் ஆண்டு நவம்பரில் பிரெஞ்சுக் கயானாவிலிருந்து ஏவப்பட்ட நம் ஜிசாட்-15 துணைக்கோள் 93.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையின் மேல் நிற்கிறது. டி.டி. ஃப்ரீ டிஷ்ஷின் ஒளிபரப்பும் மேற்கூறிய கல்வி ஒளிபரப்பும் இதன் வழி வருவன. இவற்றிற்கு மாதச் சந்தா இல்லை.

டிஷ்ஷும் அதன் மூக்கிலுள்ள எல்.என்.பி.யும் சாதாரணமாகக் கடையில் கிடைப்பவையே. எல்.என்.பி.க்கு டியூனரே 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அனுப்ப வேண்டும், யூ.எஸ்.பி. துளையின் 5 வோல்ட் இதற்குப் போதாது. ஆகையால் தனி அடாப்டருடன் வரும் டி.வி.பி.-எஸ்2 வகை டியூனரையே வாங்க வேண்டும். அதற்கு லினக்ஸில் இயக்கி உண்டா என்பதை வாங்குமுன் விசாரித்தறிதல் நலம்.

ஒரு டிரான்ஸ்பாண்டரின் வழி பல அலைவரிசைகள் ஒன்றாகக் கலந்து வருகின்றன. டியூனர் ஒரு வேளையில் ஒரு டிரான்ஸ்பாண்டரையே பற்ற முடியும். ஆனால் அதிலுள்ள அலைவரிசைகள் அனைத்தையும் ஒருங்கே எழுதலாம். கல்வி அலைவரிசைகள் கூட்டமாக அமைந்திருப்பதால், ஒரே டியூனரால் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தையும் பத்தாம் வகுப்புப் பாடத்தையும் ஒரே நேரத்தில் பதியும் வாய்ப்பு உண்டு. செட்டாப் பாக்ஸிலிருந்து படத்தை எடுத்துப் பதியும் கருவிகளுக்கு இவ்வசதி இல்லை.

திசை, மழை, உப்பு

பள்ளுருத்தியிலிருந்து நோக்கினால் ஜிசாட்-15 வடக்கிலிருந்து வலமாக 119 பாகையில், அதாவது கிழக்கிலிருந்து தெற்காக 29 பாகை தள்ளி, அடிவானத்திலிருந்து சுமார் 67 பாகை உயரத்தில் நிற்கும். வீடுகளில் பயன்படும் டிஷ்ஷில் எல்.என்.பி. நடுவில் இராமல் கீழே தள்ளி அமைந்திருப்பதால், தட்டின் முகம் 45 பாகை அளவே நிமிர்ந்திருப்பதாகத் தோன்றும். இதைக் கண்டு திசை தவறியதென்று மயங்கலாகாது. தாங்கியில் பொறித்துள்ள அளவுகோலையே நம்ப வேண்டும்.

தென்னையைப் பற்றி அஞ்சுவோர் பலர். உயரக் கோணம் 67 பாகையாக இருப்பதால், டிஷ்ஷுக்கு மேல் 12 மீட்டர் உயர்ந்த மரமும், அதன் ஓலை நுனி 5 மீட்டருக்குச் சற்று மேல் விலகியிருந்தால் மறைக்காது. எனவே மரத்தை வெட்டுவதற்குமுன் டிஷ்ஷை இரண்டடி நகர்த்திப் பார்க்க வேண்டும்.

இந்த உயரக் கோணம் மழைக்காலத்திலும் ஓரளவு துணை செய்கிறது. 5 கிலோமீட்டர் உயரமுள்ள மழைப்படலத்தை அலை 67 பாகைச் சாய்வில் கடக்க 5.4 கிலோமீட்டர் செல்ல வேண்டும்; ஸ்ரீநகரில் இதே துணைக்கோளின் உயரம் 46 பாகையளவே ஆதலால், அதே தடிப்புள்ள படலத்தை அங்கே கடக்க 7 கிலோமீட்டர் ஆகும். ஆயினும் இடவப்பாதி மழையின் வேகம் இந்த ஆதாயத்தை விழுங்கிவிடும். கே.யூ. பட்டை அலையின் நீளம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. பெரிய மழைத்துளிகள் அதை விழுங்கியும் சிதறடித்தும் நலிவிக்கின்றன. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதிலாக 90 சென்டிமீட்டர் டிஷ் வைத்தால் பிடிக்கும் பரப்பு இரண்டேகால் மடங்காகும். நடுத்தர மழைக்கு இது போதும். கொட்டும் மழையில் எந்த டிஷ்ஷும் சில நிமிடங்கள் குருடாவது தவிர்க்க முடியாதது. இங்கேதான் நாளில் ஆறு முறை வரும் ஒளிபரப்பு பயன்படுகிறது. ஒரு பாடத்தைக் காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் பதிந்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடலாம்.

கடற்காற்றின் உப்பு மழையைவிடப் பொல்லாதது, ஓசையின்றிக் கெடுப்பது. எல்.என்.பி.யின் திருகு முனையில் பச்சை பூத்தால் வெயில் நாளிலும் படம் சிதறும். அம்முனையை நீர்புகாத ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றி, கம்பி வீட்டுக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு, நீர் அங்கேயே சொட்டிவிடுமாறு செய்தல் வேண்டும்.

இன்னொன்று. மார்ச் மாத நடுவிலும் செப்டம்பர் மாத இறுதியிலும் சில நாட்கள் சூரியன் துணைக்கோளுக்கு நேர் பின்னே வந்து நிற்கும். பள்ளுருத்தியில் இது முற்பகல் 11 மணியையொட்டி நிகழும். அச்சில நிமிடங்களில் சூரியனின் ரேடியோ இரைச்சலே ஒளிபரப்பை மூழ்கடித்துவிடும். வானம் தெளிவாயிருக்கையில் படம் கெடுவதைக் கண்டு டிஷ்ஷைத் திருப்பிவிடுவோர் உண்டு. கைவைக்காமல் கால் மணி நேரம் காத்திருந்தால் தானே சீராகும்.

பிழையை எண்ணால் அறிதல்

ஒளிபரப்பு 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வோர் அலைவரிசையின் படத்திற்கும் ஒலிக்கும் தனித்தனி எண் உண்டு. அந்தந்த எண்ணுடைய பொட்டலங்கள் 0 முதல் 15 வரை சுழலும் வரிசைக் குறியுடன் வரும். 7-க்குப் பின் 9 வந்தால் ஒரு பொட்டலம் தொலைந்தது என்று பொருள். பதிவுப் பணிக்கு ஏற்ற ‘டீவிஹெட்எண்ட்’ என்ற இலவச மென்பொருள் இப்பிழைகளை எண்ணி, ஒவ்வொரு பதிவின் எதிரிலும் காட்டுகிறது. மாணவர் வந்து குறை சொல்லும்வரை காத்திராமல், பொறுப்பாளர் நாள்தோறும் இவ்வெண்ணை நோட்டில் குறித்துவர வேண்டும். மழை நாளில் மட்டும் ஏறினால் காரணம் மழை. நாளுக்கு நாள் சிறிது சிறிதாக ஏறினால் உப்பு. குறித்த நேரத்தில் மட்டும் ஏறினால் அருகிலுள்ள ஏதோ ஒரு மின்சாதனத்தை ஐயுறலாம்.

பதிவை வந்தபடியே பொட்டலங்களாக வைத்திருப்பதில் மற்றொரு நன்மை உண்டு. நடுவே மின்சாரம் நின்றாலும் அதுவரை எழுதியது கெடாது. கடைசிப் பொட்டலம் வரை பார்க்கலாம். வேறு சில கோப்பு முறைகளில் முடிவுரை எழுதப்படாவிட்டால் முழுப் பாடமும் திறக்க முடியாததாகிவிடும்.

நேரம் தவறும் கடிகாரம்

பலரும் கவனியாத குறை ஒன்று உண்டு. ராஸ்பெரி பை 4 வரையான பலகைகளில் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் வந்ததும் பலகை, தான் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். பின்னர் இணையத்தின் வழி சரியான நேரத்தைக் கேட்டறியும். புயல் மழையில் மின்சாரம் இரண்டு மணி நேரம் நின்று, திரும்பி வந்தபோது இணையம் வராதிருந்தால், பலகையின் கணக்கில் காலம் இரண்டு மணி நேரம் பின்தங்கி நிற்கும். 11 மணிக்கு வரும் கணிதத்திற்குப் பதிலாக 1 மணிக்கு வரும் வேறொரு பாடம் கணிதத்தின் பெயரிலேயே பதிவாகும். பிழை எண் பூஜ்யமாக இருக்கும். பொறுப்பாளருக்குச் சந்தேகமே எழாது. பரீட்சைக்கு முந்திய வாரம் மாணவர் அதைத் திறக்கும்போதுதான் உண்மை வெளிப்படும்.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் உள்ளன. டி.எஸ்.3231 என்ற சிறு கடிகாரச் சில்லைப் பட்டன் பாட்டரியுடன் பலகையில் பொருத்தலாம். ஓராண்டில் அது தவறுவது ஒரு நிமிடமளவே. 2023-ம் ஆண்டில் வந்த ராஸ்பெரி பை 5-ல் கடிகாரம் பலகையிலேயே உண்டு. ஆனால் அதன் பாட்டரியைத் தனியே வாங்கிப் பொருத்தினாலன்றிப் பயனில்லை. மற்றொரு வழி செலவற்றது. ஒளிபரப்பிலேயே உலகப் பொது நேரம் ஓர் அட்டவணையாக இடைவிடாது வந்துகொண்டிருக்கிறது. அதைக் கொண்டு தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளுமாறு டீவிஹெட்எண்டை அமைக்கலாம். அது நம் நேரத்திற்கு 5½ மணி பின்தங்கியிருப்பதால், பலகையில் இந்திய நேர மண்டலம் சரியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வழிகளையும் சேர்த்தே கைக்கொள்வது சிறந்தது.

ஒளிபரப்புடன் வரும் நிகழ்ச்சி நிரலைக் கொண்டு தானே பதியும் வசதியும் இருக்கிறது. எனினும் நிரல் முழுமையாக இருக்குமென்று நம்பியிருத்தல் ஆகாது. பாட அட்டவணையைப் பார்த்து நேரங்குறித்துப் பதிவதும், தொடக்கத்தில் 2 நிமிடமும் முடிவில் 5 நிமிடமும் கூட்டிக்கொள்வதும் பழுதற்றவை.

மின்சாரமும் டிஸ்க்கும்

பலகை, டியூனர், எல்.என்.பி., டிஸ்க் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 15 வாட் கொள்ளும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் 84 வாட்-மணி உண்டு. அதில் பாதியை மட்டும் செலவிடுவதென்றாலும் இரண்டரை மணி நேரத்திற்கு மேல் தாங்கும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் தனிப் பாட்டரி வேண்டியதில்லை. ஆனால் மாறும் கணத்தில் பலகை மறுபடி தொடங்குகிறதா என்பதைச் சோதித்தறிய வேண்டும்.

பாடங்களை மெமரி கார்டில் எழுதலாகாது. ஓயாமல் எழுதப்படும் கார்டு விரைவில் தேய்ந்துபோகும். ஹார்ட் டிஸ்க்கிலேயே எழுத வேண்டும். அதுவும் தனக்கென மின்சாரம் உள்ளதாக இருத்தல் நலம், ஏனெனில் ராஸ்பெரி பை 4-ன் யூ.எஸ்.பி. துளைகள் அனைத்தும் சேர்ந்து 1.2 ஆம்பியருக்கு மேல் தரமாட்டா. பழைய ஃபேட்-32 முறையில் அமைந்த டிஸ்க்கில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. மூன்று மணி நேரத்திற்குச் சற்று மேல் சென்றதும் பதிவு நின்றுவிடும். லினக்ஸின் எக்ஸ்ட்-4 முறைக்கு மாற்றியமைத்துக்கொள்க.

பதிந்த பாடத்தை வீட்டு வை-ஃபை எட்டும் இடத்திலுள்ள எக்கைப்பேசியிலும் வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளால் பார்க்கலாம். சர்வருக்குக் கடவுச்சொல் இடுவதும், அதை இணையத்திற்குத் திறந்து விடாதிருப்பதும் கட்டாயம்.

பதிவது சட்டத்திற்கு உட்பட்டதா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ம் பிரிவு, பதிபவர் தம் சொந்த உபயோகத்திற்காகவோ, உண்மையான கற்பித்தல் அல்லது ஆராய்ச்சியின் பொருட்டு மட்டுமோ செய்யும் ஒலி, காட்சிப் பதிவுகளை ஒளிபரப்பு உரிமையின் மீறலாகக் கொள்வதில்லை. பதிவை விற்பதும், பொது இணையத்தில் ஏற்றுவதும் இவ்விலக்கில் அடங்கா.

மே மாதக் கடைசி வாரத்தில், மழைக்குமுன், ஒரு சோதனை செய்துவிட வேண்டும். ஏதேனும் ஒரு பாடம் பதிவாகிக்கொண்டிருக்கும்போது இணையக் கம்பியை முதலில் பிடுங்கி, பின்னர் பாட்டரி உட்பட மின்சாரம் முழுவதையும் நிறுத்தி, அரை மணி நேரம் கழித்து மின்சாரத்தை மட்டும் தருக. இணையத்தை இணைக்காமலே, ஆள் தொடாமலே, அடுத்த பாடம் தன் நேரத்தில் தன் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று திறந்து பாருங்கள். ஆகவில்லையெனில் கடிகார அமைப்பிலிருந்து தேடத் தொடங்குக.